பன்னிரண்டாவது பொம்மை

எங்கள் ஆழித்துறையில் நாலுமுக்குச் சந்தையின் நடுவே நிற்கிற மணிக்கூண்டிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்குப் பதினொரு மரப்பொம்மைகள் இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, கடிகார முகத்துக்குக் கீழே அரைவட்டமாக நடந்து, வலப்பக்கக் கதவு வழியாக உள்ளே போகும் என்பதும், அவை போய் முடிகிற வரைக்கும் ஊரில் ஒருவரும் தராசைத் தூக்குவதில்லை, டீ ஆற்றுவதில்லை, சண்டையே நடந்துகொண்டிருந்தாலும் அடுத்த வார்த்தையைச் சொல்வதில்லை என்பதும், கையை நெற்றிக்கு உயர்த்தி அந்தப் பொம்மைகளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வோம் என்பதும் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் ஊரில் பொம்மை இல்லை.

கடிகாரத்தைச் சீமையிலிருந்து வரவழைத்தவர் ஒரு கப்பல் முதலாளி. வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் வந்து இறங்கியதாம். அந்தப் பொம்மைகள் அவர்கள் தேசத்தில் யார் யாராக இருந்தார்களோ எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. தாடிக்கார ராசா, கொம்பூதி, வாத்துக்காரி, தூங்குமூஞ்சிச் சிப்பாய் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். நீள அங்கியும் உருண்டைத் தொப்பியுமாக வருகிறவரை மட்டும் மாதா கோயில் தெருக்காரர்கள் ஒரு பாதிரியார் என்றும், பள்ளிவாசல் தெருக்காரர்கள் ஒரு ஆலிம் என்றும், எங்கள் தெருக்காரர்கள் பெயர் தெரியாத ஒரு சித்தர் என்றும் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். மூன்று தெருவுக்கும் சேர்த்து அவர் ஒரு தடவைதான் தலையசைப்பார்.

ஒரு பெரும்புயலில் பொம்மைச் சக்கரத்தின் தானியங்கிக் கொக்கி உடைந்து போனது. அதற்கப்புறம் பன்னிரண்டு அடிக்கும்போது உள்ளே ஒரு ஆள் நின்று இரும்பு விசையை வலது கையால் அழுத்திப் பிடித்தால்தான் பொம்மைகள் நடக்கும். கையை எடுத்தால் நட்டநடு வழியில் நின்றுவிடும். அந்த வேலையைப் பார்த்து வந்த நகராட்சி ஊழியர் காய்ச்சலில் இறந்த பிறகு, வாரிசு வேலையாக அது அவர் மனைவி செண்பகவடிவுக்கு வந்தது. எங்களுக்கெல்லாம் அவள் வடிவக்கா. பிள்ளை இல்லை. கூடப் பிறந்த ஒரே தம்பி பம்பாயில். பத்தொன்பது வருஷமாகத் தினமும் தொண்ணூற்று நாலு படி ஏறி, சாவி கொடுத்து, பொம்மைகளுக்கு எண்ணெய் போட்டு, பன்னிரண்டுக்கு விசையைப் பிடித்து நின்றாள். ஊரே அண்ணாந்து பார்க்கிற காட்சியை ஊரில் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். வெளியே போகிற பொம்மைகளின் முதுகு மட்டும்தான் அவள் நிற்கிற இடத்துக்குத் தெரியும்.

அவளோடு பேசாதவர்கள் ஊரில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நிறுத்திப் பேசுவார்கள். மணி ரெண்டு நிமிஷம் பிந்துதே, ராசாவுக்குத் தாடியில் வெள்ளை உரியுதே, மழைக்குக் கதவு இறுகுதா என்று கேட்பார்கள். அவளும் நின்று நிதானமாகப் பதில் சொல்லுவாள். பத்தொன்பது வருஷத்தில் கடிகாரத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் நாங்கள் அவளிடம் கேட்டதில்லை என்பது எங்களுக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

இப்படி இருக்கும்போது, ஐப்பசி அடைமழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு பொம்மைகளுக்குப் பின்னால் பன்னிரண்டாவதாக ஒன்று வந்தது. கக்கத்தில் குடை, தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த நடை. சட்டை சிவப்பு, வேட்டி நீலம். எல்லாப் பொம்மைக்கும் அதே சீமைச் சாயம்தான். டீக்கடை வெள்ளைச்சாமி பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம டைப்ரைட்டிங் சார்லா என்றார். பார்த்தால் அவரேதான். தட்டச்சுப் பள்ளி நடத்தி, கம்ப்யூட்டர் வந்ததும் மூடிவிட்டு, மனைவி போன பிறகு வீட்டோடு இருக்கிற அருமைநாயகம் சார்.

ஒரு சீமைப் பொம்மைக்கு உள்ளூர்க்காரர் முகம் எப்படி வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு இருந்த கவலையே வேறு. ஆழித்துறையில் ஒரு வழக்கம் உண்டு: விசேஷம் இல்லாத வீட்டுக்குப் போகமாட்டோம். காதுகுத்தா, சடங்கா, கல்யாணமா, சாவுத் துட்டியா, தட்டோடு போவோம் அல்லது மாலையோடு போவோம். சும்மா போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அந்த வீட்டுக்காரர்கள் பதறிப்போய் யாருக்கு என்னாச்சு என்பார்கள். இப்போது ஒரு மனிதர் மணிக்கூண்டில் வந்திருக்கிறார், இது விசேஷத்தில் சேர்த்தியா இல்லையா என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசி, சேர்த்திதான் என்று முடிவானதும், தட்டில் பழமும் வெற்றிலையும் கல்கண்டும் வைத்துப் பதினாறு பேர் போனோம். கதவைத் திறந்த சார் வாங்க என்று சொல்ல வாயெடுத்தார், குரல் வரவில்லை. இரண்டு தடவை கனைத்த பிறகுதான் வந்தது. பேசிப் பதினோரு நாளாகிறதாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், நாங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்று நாள் ஊரே அவர் வீட்டுக்குப் போய் வந்தது. நாலாம் நாள் பன்னிரண்டாவது பொம்மை மாறியிருந்தது. உப்பளத்து ஓரம் தனியாக ஆடு வளர்க்கிற பேச்சியம்மை. அங்கே ஐந்து நாள் போனோம். அப்புறம், தமிழில் 'சாப்ட்டாச்சா' மட்டும் தெரிந்த வடக்கத்தி பாங்கு அதிகாரி ஒருவர். மூன்றாவது ஆளிலேயே ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: அன்றைக்கு ஊரில் யார் ரொம்பத் தனியாக இருக்கிறார்களோ அவர்கள்தான் பன்னிரண்டாவதாக வருகிறார்கள், ஆட்கள் போய்ப் பேசி அந்தத் தனிமை தீர்ந்ததும் அடுத்தவர் வருகிறார்.

அதற்கப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. தெருவுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தட்டு. பார்க்கப்பட்டவர்களில் சிலர் டீ போட்டே கை ஓய்ந்துவிட்டது என்று குறைப்பட்டார்கள். வாத்தியார் தெருவில் ஒருவன் தானும் பொம்மையாக வர வேண்டுமென்று ஒரு மாதம் கதவடைத்துக்கொண்டு கிடந்தான், வரவில்லை, இன்றைக்கு வருவோம் நாளைக்கு வருவோம் என்ற எதிர்பார்ப்பே அவனுக்கு நல்ல துணையாக இருந்திருக்கிறது. ஒரு நாள், ஒரே கூரைக்குக் கீழே பதினாலு பேர் சேர்ந்து வாழ்கிற பெரிய வக்கீல் வீட்டு நடு மருமகள் பொம்மையாக வந்தாள். அன்றைக்குச் சலாம் வைத்த கைகள் இறங்க நேரமாயிற்று. அந்த வீட்டுக்குத் தட்டு எடுத்துப் போகவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வடிவக்காதான் சாயங்காலம் முறுக்குப் பொட்டலத்தோடு போய்ப் பின்வாசலில் உட்கார்ந்து அந்தப் பெண்ணோடு பேசிவிட்டு வந்தாள்.

யார் வந்தாலும் வேலை முடிந்து ஒரு பொட்டலத்தோடு போய்விடுவாள் அவள். யாரென்று மற்றவர்கள் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே நின்று விசையை அழுத்தியதும், பதினோராவது பொம்மைக்குப் பின்னால் எங்கிருந்து என்று தெரியாமல் பன்னிரண்டாவது நடந்துகொண்டிருக்கும். வாசலைத் தாண்டுகிற அந்த நொடியில் முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். வலப்பக்கம் வழியாகத் திரும்பி உள்ளே வரும்போது பதினொன்றுதான் இருக்கும். பன்னிரண்டாவதற்கு எண்ணெய் போட வேண்டியிருந்ததே இல்லை.

தை மாதம் பாதியில் பொம்மைகள் மாறுகிற வேகம் கூடியது. ஒருவர் ஒரு நாள்தான் வந்தார், அடுத்தவர் பாதித் தூரம் நடந்து மறைந்தார். ஊரில் தனிமை தீர்ந்துகொண்டு வருகிறது, ஒரு நாள் கதவு திறந்து ஒருவருமே வராமல் போகும் என்று காத்திருந்தோம். அப்போதுதான், ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாவதாக வடிவக்கா வந்தாள். முன்கொசுவத்தில் செருகிய சாவிக்கொத்து, கையில் எண்ணெய்க் குவளை. சந்தை முழுக்க ஒரு சந்தோஷச் சத்தம் எழும்பியது. சினிமா முடியும்போது போடுவார்களே அது மாதிரி, சுபம் போட்டாச்சு என்றார் வெள்ளைச்சாமி. காட்ட இனி ஆளில்லாமல் கடிகாரம் தன்னைப் பார்த்துக்கொள்கிறவளையே காட்டி மரியாதை செய்கிறது என்று எல்லாருக்கும் பட்டது. ஒருவருக்காவது வேறு மாதிரி பட்டதா என்றால் இல்லை. தினமும் ஐம்பது பேரோடு பேசுகிறவளைப் போய் அப்படி யார் நினைப்பார்கள்.

கூண்டின் முன்பக்கம் ஒரு பெரிய பிளெக்ஸ் கட்டினோம். 'தனிமை ஒழிந்த முதல் நகரம், மணிக்கூண்டுத் தாய்க்கு வாழ்த்துகள்.' அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான், அச்சுக்கடை என்னுடையது. படத்துக்கு அந்த மரப்பொம்மையைத்தான் போட்டோ எடுத்தேன். ஆளையே போய் எடுக்கலாம் என்று தோன்றவில்லை. நகராட்சி கொண்டாடிக்கொள்ளும் என்று நாங்கள் இருந்தோம், ஊர் கொண்டாடிவிட்டது என்று நகராட்சி இருந்தது. தட்டு எடுத்துக்கொண்டு ஒருவரும் போகவில்லை.

வடிவக்கா வந்துபோவது மீன்கடைச் சந்துப் பக்கத்துப் பின்வாசல் வழியாக. கூண்டின் சன்னல் வழியாக அவளுக்குத் தெரிந்தது அந்தப் பிளெக்ஸின் வெள்ளை முதுகுதான். யாரோ கட்சிக்காரருக்குப் பிறந்தநாள் என்று நினைத்து, சந்தைப் பக்கம் வந்தபோதும் அதை அண்ணாந்து பார்க்கவில்லை.

இனிச் சொல்வதெல்லாம் பிற்பாடு அவள் வாயால் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை விசையை அழுத்திக்கொண்டு நின்றபோது வாசலைத் தாண்டிய முதுகு யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னக் கொண்டை. வலது தோள் இடதைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஒரே பக்கம் குடம் சுமக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்தாள். ரவிக்கையில் வலது தோளுக்குக் கீழே தையல் பிரிந்திருந்ததை மரத்திலேயே செதுக்கிக் காட்டியிருந்தது. பாவி மகளுக்கு வீட்டில் ஒரு ஆள் இருந்தால் ரவிக்கை கிழிந்திருக்கிறது என்று சொல்லியிருக்காதா என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளைச்சாமியிடம் போய் இன்னைக்கு யாரு என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, தெரியாத மாதிரி கேக்கியளே மைனி என்றார். பழக்கடையில் கேட்டாள், அங்கேயும் சிரிப்பு. என்னிடமும் கேட்டாள். அடக்கத்தைப் பாரேன் என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

எந்தப் பொம்மையும் ஐந்து நாளைத் தாண்டியதில்லை. இது ஏழு நாள் வந்தது, எட்டு நாள் வந்தது. ஒன்பதாம் நாள் வடிவக்கா டீக்கடை முன்னால் நின்று எங்களைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஒன்பது நாளா ஒரு பொம்பளை ஒத்தையில வந்துட்டுப் போறா, ஊருல ஒருத்தருக்கும் கால் இல்லையா, விசேஷம்னா மட்டும்தான் ஓடுவியளா, அவ செத்தாத்தான் மாலையோட போவியளா என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நாங்கள் அதற்கும் சிரித்தோம். அக்கா நல்லா நடிக்கா என்று எவனோ சொன்னான்.

சரி, நானே தேடுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். காலையில் வேலைக்கு முன்னாலும் மத்தியானம் விசையை விட்ட பிறகும் ஊர்ப் பெண்களின் முதுகுகளுக்குப் பின்னால் நடந்தாள். ரேஷன்கடை வரிசையில் கடைசியில் நின்று முன்னால் இருந்த நாற்பது முதுகையும் பார்த்தாள். தன் முறை வந்ததும் ஒன்றும் வாங்காமல் விலகிப்போனாள். கோயிலில் சாமிக்கு முதுகு காட்டி நின்று பிராகாரம் சுற்றுகிறவர்களைப் பார்த்தாள். தையல் பிரிந்த ரவிக்கைகள் இரண்டு அகப்பட்டன. இரண்டு பேருக்கும் தோள் சமமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அப்படி நடந்துகொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து பனங்கிழங்கு கொண்டுவந்து விற்கிற ஒருத்தி பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"யக்கா, அசையாம நில்லுங்க. ரவிக்கை முதுகுல விட்டிருக்கு."

தன் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, கிழிசலை இழுத்துச் சேர்த்துக் குத்தினாள். குத்தும்போது அவள் விரல் வடிவக்காவின் முதுகில் பட்டது.

"ஒரு சாண் இருக்கும்க்கா. எத்தனை நாளா இப்பிடித் திரியிய? வீட்டுல பாத்துச் சொல்ல ஆள் இல்லையா?"

வடிவக்கா இடது கையை வலது தோளுக்கு மேலே கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் விசையை அழுத்தி அழுத்தி இறங்கிப்போன தோள் கைக்குக் கிடைத்தது. அவள் அந்தக் கிழங்குக் கூடைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிழங்குக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள், விசிறினாள், எந்த ஊர் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்று கேட்டாள். எந்த ஊருக்கும் இல்லை, இதே ஊர்தான் என்று வடிவக்கா சொன்னாள். கிழங்குக்காரி பஸ் ஏறிப் போன பிறகும் வடிவக்கா ரொம்ப நேரம் அங்கேயே இருந்தாள். தேடித் தேடி அலைந்த அந்தப் பாவி மகள் தானேதான் என்பதைவிட, ஊருக்கெல்லாம் தெரிந்தும் ஒருவர் வரவில்லையே என்பதுதான் அவளைப் போட்டு அறுத்தது. வக்கீல் வீட்டுப் பின்வாசலுக்குக்கூட ஒரு ஆள் போயிற்று.

மறுநாள் காலையில் அவள் அருமைநாயகம் சார் வீட்டுக்குப் போய், கை வலிக்கிறது, இன்றைக்கு ஒரு நாள் விசையைப் பிடிக்க முடியுமா என்று கேட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் நகராட்சியில் ஒன்றும் சொல்லமாட்டார்களே என்று மட்டும் கேட்டுக்கொண்டு, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லச் சொல்லி, பழைய மெஷினில் காகிதம் மாட்டி டைப் அடித்து எடுத்துக்கொண்டு, பத்தரைக்கே படியேறிவிட்டார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வடிவக்கா சந்தைக்குள் வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். பிளெக்ஸைப் படித்தாள். மணி அடிக்கத் தொடங்கியது, தராசுகள் இறங்கின, கதவு திறந்தது. தாடிக்கார ராசா வந்தார், கொம்பூதி வந்தான், வாத்துக்காரி வந்தாள். தினமும் அவள் துடைத்த முகங்கள்தான். ஆனால் பத்தொன்பது வருஷமாக வெயிலில் அவற்றைப் பார்த்ததில்லை. பதினொன்றும் வரிசையாக வந்து முடிந்ததும் பன்னிரண்டாவதாக அவளே வந்தாள்.

முகத்தில் அழுகை இல்லை, துக்கமும் இல்லை. உதடு கொஞ்சம் பிரிந்திருந்தது. யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று தயாராக இருக்கிற முகம் அது. அரைவட்டம் முழுக்க அந்த முகம் இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது. இத்தனை நாள் நாங்கள் அதைப் பார்த்துச் சலாம் வைத்திருக்கிறோம், அன்றைக்கும் வைத்தோம். சந்தையில் இருந்த அத்தனை கையும் உயர்ந்தது, என் கையும். அவளைச் சுற்றி நாலு பக்கமும் கைகள். அவள் அதற்கு நடுவில் நின்றாள். ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை.

அவளுக்கு நேர் பின்னால், காய்ப்பையோடு நின்றிருந்த ஒரு பெண் எக்கி எக்கிப் பார்த்துவிட்டு அவள் முழங்கையைத் தொட்டாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிடுங்கக்கா. மணிக்கூண்டு அம்மாவ மறைக்கிய."

வடிவக்கா தள்ளி நின்றாள். வாழ்நாள் பழக்கம். தள்ளி நின்ற பிறகுதான் அவள் திரும்பினாள். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஒருவரும் பேசுவதில்லை என்பதால், அவள் மெதுவாகச் சொன்னது சந்தை முழுக்கக் கேட்டது.

"அது நான்தாம்மா. பதிமூணு நாளா வாரேன். எங்க வீட்டுக்கு யாரும் வரல."

மேலே பொம்மை வலப்பக்கக் கதவை நெருங்கிக்கொண்டிருந்தது. உயர்ந்த கைகள் இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தன. வெள்ளைச்சாமி டீக்கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய வாசகம் எனக்கு நேரே இரண்டடி உயர எழுத்தில் தொங்கியது, அதைப் படிக்காமல் இருக்க நான் தரையைப் பார்த்தேன். கிளம்பிப் போக ஒரு தட்டு இல்லாததால் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காய்ப்பைக்காரி மட்டும் மேலே இருந்த முகத்தையும் முன்னால் இருந்த முகத்தையும் இரண்டு தடவை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க வீடு எங்கக்கா இருக்கு?"

வடிவக்கா சொல்ல ஆரம்பித்தாள். மீன்கடைச் சந்து வழியாகப் போய், என்றாள். போய் இடப்பக்கம், என்றாள். பிறகு நிறுத்தி, இல்லை வலப்பக்கம், அங்கே உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கி, அது இப்போது இருக்கிறதோ என்னவோ, என்று தடுமாறினாள். தினமும் நடக்கிற வழி. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அதை ஒருவரும் கேட்காததால், எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.